உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜி.பி.எஸ்ஸை மாற்றலாமா, வேண்டாமா?

கையடக்க ஜி.பி.எஸ். கருவிக்கு ஆயுசு கெட்டி. செல்போன் மூன்று வருடத்தில் மூச்சு வாங்கும். இது 15 வருடம் கழித்தும் பேட்டரி போட்டால் எழுந்து உட்காரும். அதனால்தான் குழப்பமே. ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட மனசு வராது. கடையில் புது மாடலைப் பார்த்தால் கையும் சும்மா இருக்காது. பர்ஸைத் திறக்கும் முன் சில துணுக்குகள்.

●

2000-ல் வந்த கார்மினின் மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் இன்றைக்கும் இடம் காட்டும். அது கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் பழைய சிவிலியன் சிக்னலை. புதிதாக ஏவப்படும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களும் புதிய சிக்னல்களோடு சேர்த்து அதையும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. “சாட்டிலைட்டே மாறிப்போச்சு சார், இனி இது எடுக்காது” என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள்.

●

கடைக்கு வந்த முதல் கையடக்க ஜி.பி.எஸ்., மெகெல்லன் நாவ் 1000. வருடம் 1989. விலை சுமார் 3,000 டாலர்! கார்மின் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1989-ல்தான். கேரி பரல், மின் காவ் என்ற இரண்டு என்ஜினீயர்களின் பெயர்களை ஒட்டவைத்துச் செய்த பெயர் அது.

●

ஜி.பி.எஸ். வரலாற்றில் மிகப் பெரிய அப்கிரேடுக்கு யாரும் ஒரு பைசா செலவழிக்கவில்லை. 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. 100 மீட்டர் வரை இடம் தவறும். அதிபர் கிளின்டன் உத்தரவில் மே 2-ம் தேதி அந்தக் கலப்படம் நின்றது. முந்தின நாள் பக்கத்துத் தெருவைக் காட்டிய அதே கருவி, மறுநாள் வீட்டு வாசலைக் காட்டியது. மே 3-ம் தேதியே அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டுக்குள் ஒரு வாளியைப் பதுக்கி, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்துக் கண்டுபிடிக்கச் சொன்னார். ஜியோகேஷிங் என்ற புதையல் விளையாட்டு பிறந்தது அப்படித்தான்.

●

அலமாரியில் வருடக்கணக்காகத் தூங்கிய கருவியை ஆன் செய்கிறீர்கள். ஐந்து நிமிடம் ஆகியும் இடம் காட்டவில்லை. செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற பட்டியலைச் செயற்கைக்கோள்களே அனுப்புகின்றன. அனுப்பும் வேகம் நொடிக்கு வெறும் 50 பிட்! முழுப் பட்டியலும் இறங்க 12.5 நிமிடம் பிடிக்கும். உங்கள் கருவியிடம் இருப்பது பல வருடத்துக்கு முந்தைய பட்டியல். வானத்தில் இல்லாத கோள்களையெல்லாம் அது தேடிக்கொண்டிருக்கும். மொட்டை மாடியில் நல்ல திறந்த வானத்தின் கீழே வைத்துவிட்டு, ஒரு காபி குடித்து, பேப்பரும் படித்துவிட்டு வாருங்கள். நடுவில் ஆஃப் செய்து ஆன் செய்தால் வேலை முதலிலிருந்து தொடங்கும். செல்போன் சில நொடிகளில் இடம் காட்டுவதற்குக் காரணம், இதே விவரத்தை இன்டர்நெட் வழியே முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதுதான்.

●

இடத்தைச் சரியாகக் காட்டும் பழைய கருவி, தேதியை மட்டும் 19 வருடம் பின்னால் காட்டுகிறதா? கோளாறு உங்கள் கருவியோடு நிற்கவில்லை. உலகம் முழுக்க இருக்கிறது.

ஜி.பி.எஸ். காலண்டர் 1980 ஜனவரி 6-ல் தொடங்குகிறது. அன்றிலிருந்து வாரங்களை எண்ணிக்கொண்டே வரும். பழைய சிக்னலில் வார எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட் மட்டுமே. 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் மறுபடி சுழியத்தில் நிற்குமே, அதே கதை. முதல் முறை 1999 ஆகஸ்ட் 22-ல் சுழியானது. இரண்டாவது முறை 2019 ஏப்ரல் 7-ல். அன்று, மென்பொருள் புதுப்பிக்காத பல கருவிகள் 1999-க்குத் திரும்பிப் போயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1024 முழு வாரங்கள் பின்னால் போவதால் கிழமை மட்டும் சரியாகவே இருக்கும்! இடமும் சரியாக இருக்கும். கெட்டுப்போவது சூரிய உதயம், அஸ்தமனம், நிலாப் பக்கம், பதிவு செய்த பாதைகளின் தேதி. இவை உங்களுக்கு வேண்டாம் என்றால் கருவியை மாற்ற இது ஒரு காரணமே ஆகாது. வேண்டுமென்றால், முதலில் தயாரிப்பாளரின் இலவச மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சுழி 2038 நவம்பர் 21-ல். புதிய சிக்னல்களில் வார எண்ணுக்கு 13 பிட் கொடுத்துவிட்டார்கள்; 157 வருடத்துக்குக் கவலையில்லை.

●

கருவியைப் பிடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. மஞ்சள் ஈட்ரெக்ஸ் மாதிரி தட்டையான கருவிகளுக்குள் இருப்பது சதுர வில்லை ஆன்டெனா. உள்ளங்கையில் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். மேலே குட்டிக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் கார்மின் 60, 62, 64 வரிசைக்குள் இருப்பது சுருள் ஆன்டெனா. அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்துக்கொண்டு “சிக்னலே இல்லை” என்று திட்டுபவர்கள் ஏராளம்.

●

மாடல் பெயரின் வால் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும். கார்மின் கருவிகளில் ‘சி’ என்றால் கலர் திரை. ‘எஸ்’ என்றால் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உள்ளே உண்டு. ‘எக்ஸ்’ என்றால் மெமரி கார்டு போடலாம். 2007 வாக்கில் சேர்ந்த ‘எச்’தான் முக்கியம்: மங்கிய சிக்னலையும் பிடிக்கும் சிப். ஈட்ரெக்ஸுக்கும் ஈட்ரெக்ஸ் எச்சுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. காட்டுக்குள் நுழைந்தால் தெரியும்.

இன்னும் ஓர் எழுத்து இருக்கிறது, ‘ஐ’. அதற்குக் கடைசியில் வருவோம்.

●

திசைகாட்டி இல்லாத பழைய கருவி, நீங்கள் நின்றால் திசையை மறந்துவிடும். நடக்கும்போது மட்டும்தான் அதற்கு முன், பின் தெரியும். கையில் ஒரு சாதாரணக் காம்பஸ் இருந்தால் இந்தக் குறை தீர்ந்தது.

●

கடலா, காடா? மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு என் முதல் எதிர்க்கேள்வி இதுதான்.

நாகப்பட்டினத்திலோ ராமேசுவரத்திலோ கடலுக்குப் போகும் படகுக்கு, அடிவானம் வரை வானம் திறந்து கிடக்கிறது. எட்டுப் பத்துச் செயற்கைக்கோள் சாதாரணமாகத் தெரியும். அங்கே 20 வருடக் கருவிக்கும் நேற்று வந்த கருவிக்கும் உள்ள வித்தியாசம் சில மீட்டர்தான். வலை போட்ட இடத்துக்குத் திரும்பி வர அது எந்த மூலைக்கு? மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக் காட்டில் கதையே வேறு. ஈரமான இலைக்கூரை சிக்னலை உறிஞ்சும். பள்ளத்தாக்கின் பாறைச் சுவர் அதைத் திருப்பியடித்து ஏமாற்றும். பழைய கருவி ஓடையின் இந்தக் கரையில் நிற்கும் உங்களை அந்தக் கரையில் காட்டும், அல்லது வாயே திறக்காது. காட்டில் வேலை செய்பவர் ‘எச்’ போல மங்கிய சிக்னலைப் பிடிக்கும் சிப் இல்லாத கருவியை இன்னும் வைத்திருந்தால், தயங்காமல் மாற்றலாம்.

●

கார்மினின் ஜி.பி.எஸ். 72 எச் தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். ஈட்ரெக்ஸ் மிதக்காது. இரண்டும் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நனைந்தாலும் தாங்கும்தான். ஆனால் கடலடியில் கிடக்கும் கருவி தாங்கினால் என்ன, தாங்காவிட்டால் என்ன?

●

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடத் தாளோடு ஒப்பிட்டால் உங்கள் ஜி.பி.எஸ். தமிழ்நாட்டில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிக் காட்டும். கருவி கெட்டுப்போனதாக நினைத்துப் புதியது வாங்கினால், அதுவும் அதே அளவு தள்ளித்தான் காட்டும்!

காரணம் கிடக்கிறது பரங்கிமலைப் பக்கம். 1802-ல் வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைதான், பின்னால் இந்திய வரைபடங்களுக்கு அடித்தளம் ஆனது. அவர் கொண்டுவந்த ராட்சதத் தியோடலைட்டின் எடை அரை டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது; மனிதர் அசராமல் அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலையைத் தொடர்ந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட், அந்த அளவுகளிலிருந்து பூமியின் வடிவத்தை 1830-ல் கணித்தார். பழைய தாள்கள் அந்த எவரெஸ்ட் வடிவத்தின் மேல் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவதோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு வடிவத்தை. செட்டிங்ஸில் ‘மேப் டேட்டம்’ என்ற இடத்தில் இந்தியாவுக்கான பழைய டேட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், தாளும் கருவியும் பெருமளவு ஒத்துப்போகும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

●

டேட்டத்தைவிட அதிகம் பேரை அலைக்கழிப்பது எழுதும் முறை. ஒருவர் சீட்டில் “10 45 50” என்று எழுதிக் கொடுக்கிறார். அது 10 டிகிரி 45.50 நிமிடமா, 10 டிகிரி 45 நிமிடம் 50 விநாடியா? அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். முதல் கணக்கில் கடைசி 50 என்பது அரை நிமிடம், 926 மீட்டர். இரண்டாவது கணக்கில் 1,543 மீட்டர். வித்தியாசம் 600 மீட்டருக்கும் மேல்! கடலடிப் பாறைத் திட்டான ‘பார்’ தேடிப் போனவர் வெறும் மணலில் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புவார். மஞ்சள் ஈட்ரெக்ஸில் ஒவ்வொரு இலக்கத்தையும் பக்கவாட்டுப் பொத்தானை மேலும் கீழும் அமுக்கித்தான் ஏற்ற வேண்டும். அத்தனை பாடுபட்டு ஏற்றிய பிறகு இடம் தவறினால், திட்டு வாங்குவது என்னவோ கருவிதான்.

●

மெரினா மணலில் நின்றுகொண்டு சில செல்போன் ஆப்களில் உயரத்தைப் பார்த்தால் மைனஸ் 80, 90 மீட்டர் என்று வரும். கடலுக்கடியில் நிற்கிறோமா? பூமியைச் சீரான முட்டை வடிவமாகக் கற்பனை செய்து அதிலிருந்து அளக்கும் உயரம் அது. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர். தமிழகக் கரை அதன் சரிவில் கிடக்கிறது. கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் இந்தத் திருத்தத்துக்கான அட்டவணையை உள்ளேயே வைத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பழைய கருவி சில புதிய ஆப்களைவிடக் கெட்டிக்காரத்தனமானது.

●

திரையில் தெரியும் “துல்லியம்: 3 மீ” என்பது கருவி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மார்க். உண்மையான இடத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது கிடையாது. கணக்குப் போடும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழையது 6 காட்டுகிறது, புதியது 3 காட்டுகிறது என்பதை வைத்து விலை பேசாதீர்கள். ஒரே கல்லின் மேல் வெவ்வேறு நாட்களில் வைத்து, பதியும் புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். அது சொல்லும் உண்மையை.

●

2011-ல் வந்த ஈட்ரெக்ஸ் 10, 20, 30 மாடல்கள் ஜி.பி.எஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸையும் பிடித்தன. அதன் பிறகு ஐரோப்பாவின் கலிலியோவும் சேர்ந்தது. 2020 வாக்கில் இரட்டை அலைவரிசைக் கருவிகள் வந்தன; எல்1 என்ற பழைய 1575.42 மெகாஹெர்ட்ஸோடு எல்5 என்ற 1176.45 மெகாஹெர்ட்ஸையும் கேட்பவை. இந்தக் கடைசி மாற்றம் நம் ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் முக்கியம்.

பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் அருகே போகிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இந்தப் பட்டையில் மேல்வளி அயனி மண்டலம் ரொம்பவே குறும்பு செய்யும். சூரியக் கரும்புள்ளிகள் அதிகமான வருடங்களில், பொழுது சாய்ந்த பிறகு சில மணி நேரம் சிக்னல் தள்ளாடும். அயனி மண்டலம் இரண்டு அலைவரிசைகளையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்துவதால், இரண்டையும் கேட்கும் கருவி பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். ஒற்றை அலைவரிசைக் கருவி பொதுவான ஒரு மதிப்பீட்டைக் கழிப்பதோடு சரி. நில அளவை, காட்டு எல்லை என்று மீட்டருக்கு மதிப்புள்ள வேலை செய்பவர்கள் பணம் போட வேண்டியது இங்கேதான். டச் ஸ்கிரீனுக்கு இல்லை.

●

மெனுவில் ‘வாஸ்’ என்று ஒன்று இருந்தால் ஆன் செய்து பாருங்கள். அமெரிக்கத் திருத்த சிக்னலின் பெயர் அது. அதே வகையில் நமக்கு இருப்பது இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன். கருவி அதைப் பிடித்துவிட்டால் செயற்கைக்கோள் பக்கத்தின் பட்டைகளில் ‘டி’ என்ற எழுத்து தோன்றும். செலவில்லாத அப்கிரேடு.

●

பெட்டியின் மேல் ‘நாவிக்’ என்று அச்சடித்திருப்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். நம் சொந்த அமைப்பு என்ற பெருமை சரிதான். ஆனால் முதல் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின; 2017-ல் மாற்றாக ஏவியது வெப்பக் கவசம் திறக்காமல் போயிற்று. எளிய கருவிகள் கேட்கக்கூடிய எல்1 சிக்னலோடு வந்த முதல் நாவிக் செயற்கைக்கோள் 2023 மே 29-ல்தான் மேலே போனது.

●

சிம் இல்லாத போனும் இடம் காட்டும். ஏர்பிளேன் மோடிலும் காட்டும். முன்கூட்டியே வரைபடத்தை இறக்கிவைத்துக்கொண்டால் சாலைப் பயணத்துக்குத் தனி ஜி.பி.எஸ். தேவையே இல்லை. போன் தோற்கும் இடங்கள் மூன்று: உச்சி வெயில், ஈரக் கை, இரண்டாவது நாள். வெயில் ஏற ஏற ஜி.பி.எஸ். திரை பளிச்சென்று தெரியும். போன் திரை மங்கும், சூட்டில் அணைந்தும் போகும். ஈர விரலை டச் ஸ்கிரீன் மதிக்காது. இரண்டாவது நாள் சார்ஜ் இருக்காது. பென்சில் செல் போடும் கருவிக்குப் பெட்டிக்கடை போதும்.

●

அந்த பென்சில் செல்தான் பல கருவிகளைக் கொன்றதும். செல்லை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் மறந்தால் காரம் கசிந்து தகடுகளைத் தின்றுவிடும். வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரம் போக நன்றாக உலர்த்துங்கள். ரீசார்ஜ் செல் போட்டால் உடனே ‘பேட்டரி காலி’ என்கிறதா? அதன் வோல்டேஜ் 1.2, சாதாரண செல் 1.5. மெனுவில் பேட்டரி வகையை மாற்றினால் சரியாகிவிடும்.

●

என்னைக் கேட்டால், பழைய கருவியை மாற்ற வலுவான காரணம் துல்லியம்கூட இல்லை, கேபிள்தான். மஞ்சள் ஈட்ரெக்ஸில் யு.எஸ்.பி. கிடையாது, கார்மினின் தனி வகை நான்கு முள் இணைப்பு. மறுமுனையில் வேண்டிய சீரியல் போர்ட் இன்றைய கம்ப்யூட்டரில் இல்லை. அந்தக் கருவிக்குள் 500 புள்ளிகள் வரை, ஆறெழுத்துப் பெயர்களோடு சிறைப்பட்டுக் கிடக்கின்றன. யு.எஸ்.பி.-சீரியல் அடாப்டரும் ஜி.பி.எஸ்.பேபல் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் ஜி.பி.எக்ஸ். கோப்பாக வெளியே எடுத்துவிடலாம். 2002-ல் வந்த இந்தக் கோப்பு வடிவத்தைப் புதிய கருவிகளும் போன் ஆப்களும் படிக்கும். புதியது வாங்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, இதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். திரை செத்த பிறகு யோசித்துப் பயனில்லை.

●

பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. பழைய கருவிகள் பலவற்றில் அபாய அலாரத்தைப் புள்ளிகளுக்குத்தான் வைக்க முடியும், கோட்டுக்கு முடியாது. கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளிகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆரம் கொடுத்துச் சமாளிக்கலாம். இரவில் வலையோடு ஓடும் படகுக்கு அது போதாது. எல்லை வரைந்த கடல் வரைபடம் காட்டும் பெரிய திரைக் கருவிக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது.

●

ஜி.பி.எஸ். உங்களைக் கண்காணிப்பதில்லை. அது வெறும் காது, வாய் கிடையாது. செயற்கைக்கோளுக்கு உங்கள் கருவி இருப்பதே தெரியாது. ஆபத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்று கன்னியாகுமரி மீனவர்கள் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆழ்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் நாவிக் கருவிகளும், இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களும் படகுகளுக்கு வரத் தொடங்கின.

●

இப்போது அந்த ‘ஐ’. கார்மின் 66 எஸ் வெறும் ஜி.பி.எஸ்.; 66 ஐ செயற்கைக்கோள் வழியே செய்தியும் அனுப்பும். மலையேறிகளுக்கு வெளிநாடுகளில் அது உயிர்காக்கும் பொருள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையச் சோதனையில் இப்படிப்பட்ட கருவியோடு பிடிபட்டு வழக்கில் சிக்கிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மச்சானிடம் “நல்ல ஜி.பி.எஸ். ஒன்று வாங்கி வா” என்று சொல்லும்போது, மாடலின் கடைசி எழுத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

●

பழையதை விற்பதென்று முடிவு செய்துவிட்டால், புள்ளிகள் அத்தனையையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். வீட்டு வாசல்கூட அதில் பதிந்திருக்கும். விசைப்படகு டிரைவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். மீன் சேரும் பார்களின் புள்ளியைச் சொந்த அண்ணன் தம்பிக்கே லேசில் காட்டமாட்டார்கள்.